பழைய கொழும்பு, பழைய படங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கொழும்பின் பழைய படங்கள் சிலவற்றைப் போட்டதுதான் தாமதம், கடிதங்கள் குவிந்துவிட்டன. திருவிழாப் படங்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (பம்பலப்பிட்டி வாசகி): அம்மப்பாவின் பெட்டிக்குள் ஒரு தபாலட்டை கிடைத்தது. கோட்டைப் பக்கத்துத் தெரு, நடுவில் மணிக்கூட்டுக் கோபுரம், மாட்டுவண்டிகள், ஒரு ரிக்‌ஷோ. திகதி இல்லை. எந்த வருஷத்துப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் கோபுரத்தின் உச்சியைப் பாருங்கள். அந்த மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் கட்டி முடிந்தது. அப்போது அது வெறும் மணிக்கூடுதான், கலங்கரை விளக்கின் கண்ணாடிக் கூடு 1867இல்தான் மேலே ஏறியது. சுற்றிவரக் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சத்தை மறைத்ததால் 1952இல் விளக்கை நிறுத்திவிட்டார்கள். ஆகவே கூடு இல்லையென்றால் படம் மிகவும் பழசு, உங்கள் அட்டை அப்படி இருக்காது.

அடுத்தது தரை. ட்ராம் தண்டவாளம் தெரிகிறதா? கொழும்பில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது 1899இல், எனவே தண்டவாளம் இருந்தால் படம் அதற்குப் பிந்தியது. அந்தப் பக்கம் கார்கில்ஸ் நிறுவனத்தின் சிவப்புக் கட்டடம் முழுதாக நிற்கிறதென்றால் 1906க்கும் பிறகு என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அட்டையைத் திருப்புங்கள். முதுகுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பாதியில் முகவரியும் மறுபாதியில் செய்தியும் எழுதலாம் என்று பிரித்தானியத் தபால் பகுதி அனுமதித்தது 1902இல். அதற்கு முந்திய அட்டைகளில் முதுகில் முகவரி மட்டும்தான், செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். முத்திரை ஒட்டியிருந்தால் அதில் யார் தலை இருக்கிறது என்று பாருங்கள். எட்வர்ட் மன்னர் என்றால் 1901க்கும் 1910க்கும் இடைப்பட்ட காலம், ஐந்தாம் ஜோர்ஜ் என்றால் அதற்குப் பிறகு. ஆனால் ஒன்று, முத்திரை சொல்வது அட்டை அனுப்பப்பட்ட காலத்தை மட்டும்தான். ஸ்டூடியோக்காரர்கள் ஒரு நல்ல படத்தை வருஷக்கணக்காக மறுபடி மறுபடி அச்சடித்து விற்றார்கள், அதனால் படம் எடுத்த காலம் அட்டையை விடப் பல வருஷம் முந்தியதாகவும் இருக்கலாம். படத்துக்குள் தெரியும் கட்டடத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): ஆடிவேல் விழாவின் பழைய படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 1900க்கு முந்தியவை அகப்படுவதே அபூர்வமாக இருக்கிறது. விழா அதற்கு முன்பே இருந்ததல்லவா?

பதில்: இருந்தது. 1874இல் இருந்தே கொழும்பில் ஆடிவேல் நடக்கிறது. கதிர்காமத்துக்குப் போகும் யாத்திரிகர் கூட்டத்தில் வாந்திபேதி பரவ, ஆங்கில அரசாங்கம் யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்ட காலம் அது. கதிர்காமத்துக்குப் போக முடியாவிட்டால் என்ன, கந்தனை இங்கேயே எழுந்தருளச் செய்வோம் என்று செட்டியார் தெருக் கோயில்களைச் சேர்ந்தவர்கள் தொடங்கியது இந்த விழா. செட்டியார் தெருவிலிருந்து புறக்கோட்டை, கோட்டை வழியாகக் காலிமுகத்திடலைக் கடந்து, காலி வீதியில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில்வரை தேர் போகும்.

படம் இல்லாததற்குக் காரணம் பக்தி குறைவோ கூட்டம் குறைவோ அல்ல. அந்தக் காலத்துப் புகைப்படக் கருவி ஓடும் தேரைப் பிடிக்கக்கூடியது அல்ல. 1870களில் கண்ணாடித் தகட்டில் ஈரமான ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறையில் கழுவ வேண்டும். ஒளி விழச் சில விநாடிகளாவது தேவை. அதுவரை அசையாமல் நிற்பவை கட்டடமும் மரமும்தான், கூட்டம் அசைந்தால் புகைபோலக் கலங்கித் தெரியும். காயவைத்த தகடுகள் 1880களில் பரவலாக வந்த பிறகே தெருக்கூட்டத்தை உறையவைத்துப் பிடிக்க முடிந்தது. இரவு ஊர்வலம் இன்னும் கஷ்டம், மக்னீசியம் தூளைக் கொளுத்தி வெளிச்சம் போடும் முறை 1887இல்தான் வந்தது. பழைய திருவிழாப் படம் எதை எடுத்தாலும் பகல் வெயிலில், தேர் ஓரிடத்தில் நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் விறைப்பாகக் கமெராவைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே இருப்பது இதனால்தான்.

கிடைக்கும் படங்களில் எல்லோரும் தேரையே பார்க்கிறார்கள். நீங்கள் தேரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள். தலைப்பாகை கட்டிய செட்டிமார், குடை பிடித்த சிங்களக் குடும்பம், தொப்பி போட்ட முஸ்லிம் வியாபாரி, தோளில் பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கும் தகப்பன், ஓரத்தில் கட்டுக்கட்டாகச் சாத்திவைத்த கரும்பு. வேல் என்றால் கொழும்பில் எல்லாச் சாதி சனத்துக்கும் அது ஒரு பெருநாள், கரும்பு வாங்காமல் வீடு திரும்புவது கிடையாது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு பல வருஷம் தேர் தெருவுக்கு வரவில்லை, பின்னர் மறுபடி வந்தது. 1950, 60களின் படம் ஒன்று உங்களிடம் இருந்தால், அந்தக் கலந்த கூட்டத்துக்காகவே அதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): பழைய அட்டைகளில் "தமிழ்ப் பெண்", "கொழும்புக் கூலி", "உள்ளூர்வாசி" என்றுதான் எழுதியிருக்கிறது. ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லையே. பார்க்கக் கோபம் வருகிறது.

பதில்: கோபப்படுவது நியாயம். அந்தப் படங்கள் நமக்காக எடுக்கப்பட்டவை அல்ல. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு அடிக்கல் வைத்தார், 1885இல் அது முடிந்தது. அதுவரை காலித் துறைக்குப் போய்க்கொண்டிருந்த பெரிய கப்பல்கள் எல்லாம் கொழும்புக்குத் திரும்பின. நிலக்கரி ஏற்றக் கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் பயணிகள் இறங்கி, கோட்டைக்குள் ஒரு சுற்று, கறுவாத்தோட்டத்துக்கு ஒரு சவாரி, ஹோட்டேலில் ஒரு சாப்பாடு, கையில் ஒரு கட்டுப் படங்கள் என்று திரும்பிவிடுவார்கள். ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற ஸ்டூடியோக்களின் பெரிய வியாபாரம் இவர்களிடம்தான். அந்தப் பயணிக்கு வேண்டியது "இலங்கையில் இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள்" என்று ஊரில் காட்ட ஒரு மாதிரி, அந்தப் பெண்ணின் பெயர் அவருக்கு எதற்கு? வரைந்த திரைக்கு முன்னால், கையில் ஒரு குடத்தையோ கூடையையோ கொடுத்து நிறுத்தி எடுத்தவை பல.

அதற்காக அவற்றைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். சேலைக் கட்டு, தோடு, மூக்குத்தி, கொண்டை எல்லாம் அதில் இருக்கிறது, அந்தக் காலத்துப் பெண்கள் உடுத்தியதைக் காண வேறு வழி அதிகம் இல்லை. ஆனால் இந்த நகரத்து மனிதர்களின் கதை அந்த அட்டைகளில் இல்லை, நம்முடைய வீட்டு அல்பங்களில்தான் இருக்கிறது. கலியாணம், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழாவுக்குப் போகும் வழியில் ஸ்டூடியோவில் புகுந்து எடுத்த குடும்பப் படம், நவராத்திரிக் கொலு, பள்ளிக்கூடக் கலைவிழா. அவற்றிலும் பெயர் எழுதாமல் விட்டால் இன்னும் 50 வருஷத்தில் உங்கள் அம்மம்மாவும் வெறும் "தமிழ்ப் பெண்" ஆகிவிடுவார். வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். இந்தப் பக்கத்தில் நான் கெஞ்சிக் கேட்கும் ஒரே காரியம் இதுதான்.

கேள்வி (தெமட்டகொடை வாசகர்): வெசாக் கொழும்பில் எப்போதும் இப்படிப் பெரிதாகத்தான் நடந்ததா? பழைய படங்களில் பந்தல்கள் தெரியவில்லை.

பதில்: இல்லை. பௌத்தர்கள் வெசாக்கைக் காலங்காலமாக விகாரைகளில் அனுசரித்தார்கள், ஆனால் ஆங்கில ஆட்சியில் வெகுகாலம் அது விடுமுறை நாளாக இருக்கவில்லை. நகரத்துப் பெருவிழாவாக அது மாறிய கதை கொட்டாஞ்சேனையில் தொடங்குகிறது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று அங்கே பௌத்தர்களின் ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இடையே பெரிய கலவரம். மிகெட்டுவத்தே குணானந்த தேரர் என்ற பிக்கு இருந்த தீபதுத்தமாராம விகாரையை நோக்கிப் போன ஊர்வலம் அது. நியாயம் கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் பௌத்தர்கள் ஒன்றுசேர்ந்தார்கள், பௌத்தத்தைத் தழுவிய அமெரிக்கர் ஹென்றி ஒல்கொட் அவர்களுக்காக லண்டன்வரை போய் வாதாடினார். 1885இல் வெசாக் பொது விடுமுறை ஆனது. அந்த வருஷம் ஏப்ரல் 28ஆம் திகதி, வெசாக் தினத்தன்று, இன்று உலகம் முழுக்கப் பறக்கும் பௌத்தக் கொடி முதன்முதலாக அந்த விகாரையில்தான் ஏற்றப்பட்டது. கொட்டாஞ்சேனைத் தெருவில் போகிற நம்மவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? கோயிலும் தேவாலயமும் விகாரையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த இடத்தில், ஒரு சண்டையின் தழும்பிலிருந்து ஒரு பெருவிழா முளைத்திருக்கிறது.

இன்று நாம் பார்க்கும் பந்தல், ஆயிரக்கணக்கான பல்புகள் ஓடி ஓடி எரியும் அந்த அலங்காரம், மின்சாரம் ஊருக்குள் பரவிய பிறகு வந்தது. பந்தல் படத்தைப் பகலில் எடுத்ததா இரவில் எடுத்ததா என்று பாருங்கள், பகல் படம்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதையை வரைந்த பலகைகள் அதில் ஒவ்வொன்றாகத் தெரியும், இரவில் பல்பு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று. "கங்காராம நவம் பெரஹெரா, 1920" என்று ஒரு யானைப் படம் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். பேர வாவிக் கரையில் கங்காராம விகாரையின் நவம் பெரஹெரா ஊர்வலம் தொடங்கியதே 1979இல்தான். யானை நிஜமாக இருக்கலாம், தலைப்பு பிழை.

கேள்வி (மருதானை வாசகர்): புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் ஒரு படத்தில் இருக்கிறது, இன்னொன்றில் அந்த இடம் வேறு மாதிரி இருக்கிறது. எது பழசு?

பதில்: பள்ளிவாசல் இல்லாததுதான். ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடிந்தது. ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை வடிவமைத்தது. இந்திய முஸ்லிம் வியாபாரிகள் தொழுவதற்காகக் கட்டியது, அதன் மினாராக்களைக் கடலிலிருந்தே பார்த்துக் கொழும்பு வந்துவிட்டது என்று மாலுமிகள் அடையாளம் கண்டுகொள்வார்களாம்.

கேள்வி (கொச்சிக்கடை வாசகி): அந்தோனியார் கோவில் திருவிழாப் படங்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. 2019க்கு முந்தியவற்றைத் தனியாக வைக்க வேண்டுமா?

பதில்: வையுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் உட்புறம் சேதமடைந்து, திருத்தி, அந்த வருஷம் ஜூன் 12ஆம் திகதி மறுபடி திறந்தார்கள், மறுநாள் 13 திருவிழா. ஆகவே உள்ளே எடுத்த பழைய படம் ஒவ்வொன்றும், கூரையும் தூணும் சுருபங்களும் முன்பு எப்படி இருந்தன என்பதற்குச் சாட்சி. அன்றைக்கு அந்தக் கோவிலில் இறந்தவர்கள் யாராவது அந்தப் படங்களில் இருக்கலாம். அவர்களின் குடும்பங்களைத் தெரிந்தால் ஒரு பிரதி கொடுங்கள், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி (தெஹிவளை வாசகர்): சுதந்திர தினத்தன்று எடுத்தது என்று தாத்தா ஒரு படம் வைத்திருந்தார். பின்னால் சுதந்திர மண்டபம் தெரிகிறது. 1948தானே?

பதில்: கல்தூண்களும் சிங்கச் சிலைகளும் கொண்ட இன்றைய மண்டபம் பின்னால் இருந்தால், 1948 அல்ல. அந்த மண்டபம் சுதந்திரத்தின் நினைவாகப் பிறகு கட்டப்பட்டது, கண்டி அரசவை மண்டபத்தின் மாதிரியில். 1948 பெப்ரவரி 4 சுதந்திரம் கிடைத்த நாள். குளொஸ்டர் கோமகன் வந்து முதலாவது பாராளுமன்றத்தைத் திறந்துவைத்த பெரிய வைபவம் பெப்ரவரி 10இல் நடந்தது. இந்த இரண்டு நாட்களின் படங்களையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இளம் எலிசபெத் மகாராணி படத்தில் இருந்தால் அது 1954 ஏப்ரல், முடிசூட்டு உடையை மறுபடி அணிந்து பாராளுமன்றத்தைத் திறந்த பயணம். தாத்தா சொன்னது பொய் என்று நினைக்காதீர்கள், அவர் அந்த மண்டபத்துக்கு முன் நடந்த ஏதோ ஒரு வருஷத்துச் சுதந்திர தின விழாவில் நின்றிருக்கிறார்.

கேள்வி (கொம்பனித்தெரு வாசகர்): பழைய படங்களுக்குக் கம்பியூட்டரில் நிறம் போட்டுத் தருகிறார்கள். செய்யலாமா?

பதில்: சுவரில் மாட்டச் செய்யலாம். ஆனால் அந்த நிறம் எதுவும் உண்மை அல்ல என்பதை மறக்கக் கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒரே சாம்பல்தான், கம்பியூட்டர் ஊகித்துப் பூசுகிறது. இது புதிய வழக்கமும் இல்லை. 1850களின் தொடக்கத்திலேயே ஃபீபிக் என்பவர் இலங்கையில் எடுத்த படங்களுக்குக் கையால் வர்ணம் தீட்டியிருக்கிறார், அவை இன்று லண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. அவராவது இடத்தை நேரில் பார்த்தவர். அக்காலத் தபாலட்டைகளில் பெரும்பகுதி ஜெர்மனியில் அச்சாயின, கொழும்பைக் கண்ணால் காணாதவர்கள் அங்கே இருந்து வானத்துக்கும் சேலைக்கும் நிறம் போட்டார்கள். நிறம் போட்ட பிரதியைப் பகிரும்போது மூலப் படத்தையும் கூடவே போடுங்கள். முகங்களை "தெளிவாக்கி"த் தருகிற செயலிகளை மட்டும் தொடவே வேண்டாம், அவை வேறு யாரோ ஒருவருடைய கண்ணையும் பல்லையும் உங்கள் ஆச்சிக்குப் பொருத்திவிடுகின்றன.

கேள்வி (பெயர் வேண்டாம், வெள்ளவத்தை): 83இல் எங்கள் வீடு எரிந்தது. அல்பம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்பா, அம்மாவின் கலியாணப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியவில்லை. தேட ஏதாவது வழி உண்டா?

பதில்: இந்தக் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். உயிர் தப்ப ஓடியவர்கள் அல்பத்தை எங்கே எடுப்பது? அந்தக் கிழமை வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் எரிந்த வீடுகளோடு, கொழும்புத் தமிழரின் பல தலைமுறைப் படங்களும் எரிந்தன. அந்த இழப்பைக் கணக்கெடுத்தவர் யாரும் இல்லை.

வழி உண்டு, பொறுமை வேண்டும். கலியாணப் படம் ஒரு பிரதியோடு நிற்பதில்லை. மாப்பிள்ளைத் தோழன், தோழி, ஊரில் இருந்த பெரியப்பா வீடு, அப்பாவோடு வேலை செய்த சிங்கள, பறங்கி நண்பர்கள் என்று அனுப்பியிருப்பார்கள். கலவரத்துக்கு முன்பே லண்டனுக்கோ மலேசியாவுக்கோ போன உறவினர்களிடம் முதலில் கேளுங்கள், அவர்களின் அல்பங்கள்தான் தப்பியவை. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய பிரதிகள் இடப்பெயர்வுகளில் தொலைந்திருக்கலாம், என்றாலும் கேட்டுப் பாருங்கள். "எங்கள் கலியாணப் படம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் இல்லை என்பார்கள். "அந்த நாட்களில் எடுத்த எந்தப் படமானாலும் அனுப்புங்கள்" என்று கேளுங்கள், ஏதாவது ஒரு பிறந்தநாள் படத்தின் ஓரத்தில் உங்கள் அம்மா நின்றுகொண்டிருப்பார்.

பிறகு பள்ளிக்கூட ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், சங்க வெளியீடுகள். கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இலிருந்தும் விவேகானந்த சபை 1902இலிருந்தும் இயங்குகின்றன, அப்படியான அமைப்புகளின் விழா மலர்களில் குழுப்படங்களும் கீழே பெயர்களும் இருக்கும். 1930இல் தொடங்கிய வீரகேசரியின் பழைய இதழ்களைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கேட்டுப் பார்க்கலாம். நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பில் மலர்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன, அப்பாவின் பெயரையும் ஊர்ப் பெயரையும் விதவிதமான எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடுங்கள். படம் எடுத்த ஸ்டூடியோவின் பெயர் நினைவிருந்தால் அங்கேயும் விசாரியுங்கள்.

கேள்வி (மட்டக்குளி வாசகர்): பழைய படங்களில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஒன்று கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டியே போய்விட்டது.

பதில்: ஒட்டியதை இழுக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது வெளிச்சம் பட்டுத் தெறிக்காத கோணத்தில் படம் பிடியுங்கள்.

மற்றவற்றுக்கு எதிரி நம் கடற்கரைக் காற்றின் ஈரம்தான். வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். ஒட்டும் பக்கங்களும் பிளாஸ்டிக் தாளும் உள்ள அல்பங்களை 1970, 80களில் எல்லோரும் வாங்கினோம், அந்தப் பசை படத்தைத் தின்றுவிடும், சுலபமாகக் கழன்று வருகிறவற்றை எடுத்துவிடுங்கள். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில், அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். லெமினேட் செய்யவே கூடாது, செலோடேப் ஒட்டக் கூடாது, ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், போல்பொயிண்ட் பேனா மறுபக்கம் தழும்பாகத் தெரியும். ஸ்கேன் 600 புள்ளி (dpi) அடர்த்திக்குக் குறையாமல் இருக்கட்டும், முதுகையும் சேர்த்து எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும்.

கேள்வி (பலர்): எங்கள் படங்களை உங்களுக்கு அனுப்பலாமா?

பதில்: தாராளமாக. மூலப் படத்தைத் தபாலில் போடவேண்டாம், ஸ்கேன் மட்டும் போதும். யார் யார், எந்த இடம், எந்த விழா, ஏறக்குறைய எந்த வருஷம் என்று எழுதுங்கள். தெரியாதவர்கள் இருந்தால் "இடமிருந்து மூன்றாவது யார்?" என்று அப்படியே கேளுங்கள், வாசகர்களில் யாராவது அடையாளம் காட்டுவார்கள். உயிரோடு இருப்பவர்கள் படத்தில் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். அடுத்த இதழில் தீபாவளிப் படங்களைப் போட எண்ணம், புறக்கோட்டைத் துணிக்கடைகளின் பழைய படம் இருப்பவர்கள் முந்திக்கொள்ளுங்கள்.